இரண்டு வேகம்
எண்பத்தெட்டில் உழவர்கரையில் எங்கள் சோப்புக் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்தது. மாடியில் கம்ப்யூட்டரோடு நான். கீழே குடோனில் இன்னொரு திரையோடு என் மச்சான் ராஜாங்கம். நடுவில் ஒரு கேபிள். அதில் எழுத்து போக வேகம் இரண்டு உண்டு. இரு முனையிலும் ஒரே வேகம் வைத்தால்தான் எழுத்து தெரியும். காலையிலிருந்து வெறும் கிறுக்கல். எனக்கு இருப்பே கொள்ளவில்லை.

தீபாவளியிலிருந்து அவனோடு பேச்சில்லை. அதனால் கேட்காமலே என் வேகத்தை மாற்றினேன். கீழே அவனும் அதே நேரம் மாற்றியிருக்கிறான். திரும்ப மாற்றினேன், அவனும் மாற்றினான்.

படியேறி இறங்கிக் களைத்த மேனேஜர் கத்தினார்: "யோவ், யாராவது ஒருத்தர் சும்மா இருங்கய்யா!"

"நான் மாத்த மாட்டேன். அந்தாள வேணும்னா மாத்திக்கச் சொல்லுங்க," என்று கீழேயிருந்து குரல் கொடுத்தான் ராஜாங்கம்.

தீபாவளிச் சண்டையிலும் இதேபோலத்தான் நின்றான். பல்லைக் கடித்துக்கொண்டு மாற்றினேன்.

எழுத்து தெளிவாக வந்தது. அவன் அடித்த முதல் வரி: "அப்பவே சொன்னேன்ல மச்சான்?"