தபால்பெட்டி ஸ்டாப்

உளுந்தூர்பேட்டையிலிருந்து வந்த பெரிய கிரைண்டரைத் தெருவிலேயே இறக்கிவைத்துவிட்டு வண்டிக்காரன் போய்விட்டான். கடைக்குள் தள்ளலாமென்றால் வாசலை மறித்துக்கொண்டு அந்தச் சிவப்புத் தபால்பெட்டி. கண்ணகிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாவுக்கடைக்குப் பெயர்ப்பலகைகூட மாட்டியாயிற்று. வானம் வேறு இருட்டிக்கொண்டிருந்தது.

அவள் மாமனார் நாராயணசாமிதான் ஒரு காலத்தில் இங்கே போஸ்ட்மாஸ்டர். இந்தக் கடை அறைதான் அப்போது தபால் ஆபீஸ். எலவனாசூர்கோட்டையிலிருந்து தபால் பை சைக்கிளில் வரும். பெட்டி வந்த பிறகுதான் இந்தப் பொட்டலில் வீடுகளே முளைத்தன. நகருக்கு யார் என்ன பெயர் வைத்தாலும் கண்டக்டர்கள் இன்றைக்கும் "தபால்பெட்டி எறங்கு" என்றுதான் விசிலடிக்கிறார்கள். ஆபீஸ் கடைத்தெருவுக்குப் போய்ப் பல வருஷமாகிறது, பெட்டி மட்டும் போகவில்லை. இந்தக் கதையை வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்வதோடு மனுஷன் விட்டிருக்கலாம்.

ஆயுத பூஜைக்குப் பழைய பழக்கத்தில் பெட்டிக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, மாலையும் போட்டுவிட்டார். சர்க்கரை ஆலையில் அரவை தொடங்கியதும் மூங்கில்துறைப்பட்டுக்குக் கரும்பு ஏற்றிப்போன டிராக்டர்காரன் ஒருவன், ஏதோ புதுச் சாமி என்று கற்பூரம் ஏற்றிவிட்டுப் போனான். மறுநாள் இன்னொருவன் வந்தான். இப்போது பெட்டிக்கு மஞ்சள் துணி, எலுமிச்சை மாலை எல்லாம் உண்டு.

தபால் ஆபீசுக்கு நடையாய் நடந்து, பெட்டியைப் பெயர்க்க இன்றைக்குத்தான் ஆள் வரவழைத்திருந்தாள். தபால்காரர் இளவரசன் கடப்பாரையோடு வந்தார். பெட்டியைப் பார்த்ததும் கடப்பாரையைச் சுவரில் சாய்த்துவிட்டார்.

"நான் கைய வெக்க மாட்டேன்க்கா. புள்ளகுட்டிக்காரன்."

"தபால்பெட்டிங்க அது! நீங்களே எத்தினி தபா தொறந்து கடுதாசி எடுத்திருக்கீங்க?"

"அப்போ பொட்டு இல்லியேக்கா."

சத்தம் கேட்டு நாராயணசாமி வெளியே வந்தார்.

"அதுல சாமியும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஆனா அதப் புடுங்கிட்டா இந்த எடத்துக்கு இன்னா பேரும்மா?"

"பேர வெச்சிக்கினு நான் மாவு ஆட்ட முடியுங்களா மாமா?"

கேட்டுவிட்டு வானத்தைப் பார்த்தாள். கிரைண்டர்மேல் முதல் தூறல் விழுந்தது. இனி யாரையும் நம்பிப் பிரயோஜனமில்லை என்று கடப்பாரையைத் தானே எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். தெருவோரம் ஒரு கரும்பு டிராக்டர் வந்து நின்றது. கையில் தேங்காயோடு இறங்கியவன் அவளைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான்.

பெட்டியின் அடியில் கடப்பாரையை ஊன்றினாள். பாதத்தில் ஈரமண் சில்லென்றது. குனிந்து பார்த்தாள். அவள் செருப்புகள் பின்னால், படிக்குக் கீழே, ஒழுங்காகக் கழற்றி வைத்தபடி கிடந்தன.