எதிரே நின்று அளந்த கைப்பிடி

பக்கவாதம் வந்து இடது கையையும் இடது காலையும் முடக்கிப் போட்ட பிறகுதான், தமக்கு இத்தனை அன்பான உறவினர்கள் இருக்கிறார்கள் என்பது கிளட்ச் அக்காவுக்குத் தெரிய வந்தது. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் அவர் தொண்டை வறளக் கத்திக்கொண்டிருந்த காலத்தில் வாசலைக்கூட எட்டிப் பார்க்காத அண்ணனும் அண்ணியும், அவர் படுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டதும் பாசத்தை மூட்டை கட்டிக்கொண்டு வந்து இறங்கினார்கள். "கிளட்ச்ச மெதுவா விடு" என்று ஓயாமல் கத்தியதால் மாணவர்கள் வைத்த பெயர் கிளட்ச் அக்கா. அண்ணனுக்கு மட்டும் அவர் ஐம்பத்திரண்டு வயதிலும் பாப்பா.

அண்ணியின் அன்பைப் பற்றிக் குறை சொல்வது நன்றிகெட்டதனமாகும். அக்காவின் வலது கை முழு ஆரோக்கியத்துடன் மடியில் காத்திருக்க, அண்ணி கரண்டியை நேராக அக்காவின் வாய்க்குள் விட்டார். தலை வாரிவிட்டார். மூக்கைக்கூடத் துடைத்துவிட்டார். ஸ்டியரிங்கை மாணவரின் கையிலிருந்து பிடுங்குகிறவர் ஆசிரியரே அல்ல என்ற கொள்கையுடன் வாழ்ந்த அக்கா, தம் மூக்கையே ஒருவர் பிடுங்கிக்கொண்டதைப் பொறுத்துக்கொண்டார். காரணம், அப்போது அவரால் எழுந்து ஓட முடியாது.

மறுவாழ்வு மையத்தில் பல மாதங்கள் வியர்வை சிந்தியபின், இன்று கடைசிச் சோதனை. அக்காவின் சொந்த வீட்டிலேயே, மையத்தின் பயிற்சியாளர் முன்னிலையில், அவர் கட்டிலிலிருந்து எழுந்து, குளியலறைக்குப் போய்த் திரும்பி, உடை மாற்றிக்கொள்ள வேண்டும். யாராவது தொட்டால் சோதனை செல்லாது. தேறினால் அவர் தம் வீட்டிலேயே தனியாக வாழலாம். தேறாவிட்டால் அடுத்த முறை வருவதற்கு மூன்று மாதம் ஆகும். அதுவரை அண்ணன் வீடு. அங்கே கூடத்தை ஒட்டிய அறை தயாராக இருந்தது. அதுவரை அதில் குடியிருந்தவை ஒரு தையல் இயந்திரமும் சுழலாத இரண்டு மின்விசிறிகளும். நாத்தனாரைத் தாமே வைத்துப் பார்த்துக்கொள்ளப் போவதாக அண்ணி அக்கம்பக்கத்தில் சொல்லியாகிவிட்டது. தியாகம் நடந்தேறுவதற்கு முன்பே அதன் புகழ் தெருவெங்கும் பரவியிருந்தது. மூன்று மாதம் அந்த அறையில் கிடந்தால் தம் காலும் சுழலாத மின்விசிறியாகிவிடும் என்பது அக்காவுக்குத் தெரியும்.

அண்ணன் கட்டட வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர். சுவரை ஒரு முறை பார்த்தாலே அளவு சொல்லிவிடுவார் என்பது அவரே பரப்பிய செய்தி. அக்கா மையத்தில் இருந்தபோது, அவரைக் கேட்காமலேயே இந்த வீட்டின் குளியலறையில் பளபளவென்று ஒரு கைப்பிடியைப் பொருத்திவிட்டு, நேற்று முதல் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

"யானையே புடிச்சுத் தொங்கலாம்மா," என்றார் பயிற்சியாளரிடம்.

"யானைக்கு இல்லைங்க சார், அவங்களுக்குத்தானே?" என்றார் பயிற்சியாளர், இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு. "அம்மா, நீங்க ஆரம்பிக்கலாம்."

அக்கா புரண்டு, வலது முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். விருந்துக்கு வந்து ஊர் திரும்ப மனமில்லாத உறவினரைப் போல இடது கை படுக்கையிலேயே கிடந்தது. அதை வலது கையால் தூக்கி மடியில் வைத்தார். நாலு கால் ஊன்றுகோலைப் பிடித்து எழுந்தார்.

"ஐயோ, விழுந்துடப் போறா!" அண்ணி பாய்ந்தார்.

"கையை எடுங்க அண்ணி."

"தொடலைம்மா, பக்கத்துலதான் வச்சிருக்கேன்."

"பக்கத்துலயும் வேண்டாம். பையில வச்சுக்குங்க."

குளியலறை வாசல்வரை நல்லபடியாகவே போனார். ஈரத் தரையில் ஊன்றுகோல் வழுக்கும். அதை வெளியே விட்டுவிட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும் என்பது மையத்தின் கண்டிப்பு. அக்கா உள்ளே பார்த்தார். எதிர்ச் சுவரோரம் மேலை நாட்டுக் கழிப்பறை இருக்கை. வலப்பக்கம் வெறுஞ்சுவர். வாசலிலிருந்து இருக்கைவரை, இடப்பக்கச் சுவரில் அந்தக் கைப்பிடி யானைக்காகக் காத்திருந்தது.

"புடிச்சுக்க பாப்பா, கூச்சப்படாத," என்றார் அண்ணன்.

"எந்தக் கையால அண்ணே?"

"நல்ல கையாலதான்!"

"நல்ல கை இந்தப் பக்கம் இருக்கு. இதை எப்படி அளந்தீங்க?"

அண்ணன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். "ஆஸ்பத்திரில நீ கட்டில்ல உக்காந்திருந்தே. நேரா உன் எதிர்ல நின்னு பார்த்தேன். எந்தப் பக்கம் கை ஆடுதோ, அந்தப் பக்கம் குறிச்சுக்கிட்டேன். எனக்கு இடப்பக்கம்..."

அவருடைய கை காற்றில் இடப்பக்கம் போய், வலப்பக்கம் வந்து, வழி தெரியாமல் நின்றது. பயிற்சியாளர் உதட்டை இறுக்கிக்கொண்டு குழாயைப் பார்த்தார். தங்கையின் எதிரே நின்று புத்திமதி சொன்னதைத் தவிர, ஒரு நாளாவது பக்கத்தில் நின்று பார்த்திராத மனிதர் வேறு எப்படி அளந்திருக்க முடியும்?

சங்கடத்திலிருந்து முதலில் மீண்டவர் அண்ணிதான். மீண்டதோடு மலர்ந்தும் விட்டார். "நான் அப்பவே சொல்லல? இந்த வீடு இவளுக்கு ஒத்து வராது. டெஸ்ட் முடிஞ்சுதுல்லம்மா? துணிமணியெல்லாம் எடுத்து வச்சிடட்டுமா?"

"முடியலைங்க. யாரும் இன்னும் தொடலையே," என்றார் பயிற்சியாளர். பிறகு அக்காவிடம் திரும்பி, "ஆபத்து இல்லாம எப்படிப் போனாலும் சரிதாம்மா. முடியாதுன்னா சொல்லுங்க, நிறுத்திக்கலாம்," என்றார்.

அக்கா வாசலில் நின்று யோசித்தார். தையல் இயந்திரம் நினைவுக்கு வந்தது. அண்ணியின் கரண்டி நினைவுக்கு வந்தது. பிறகு, ஊன்றுகோலை மெல்ல நகர்த்தி நகர்த்தி, இருந்த இடத்திலேயே திரும்பினார். முதுகு குளியலறையை நோக்கியது. முகம் அண்ணனையும் அண்ணியையும் நோக்கியது. கைப்பிடி இப்போது அவருடைய வலப்பக்கம் இருந்தது.

"என்ன பாப்பா, கோவிச்சுக்கிட்டுத் திரும்பிட்டியா?"

"தள்ளி நில்லுங்க அண்ணே. ரிவர்ஸ் எடுக்கறேன்."

ஊன்றுகோலை விட்டுவிட்டு வலது கையால் கைப்பிடியைப் பற்றினார். முதலில் வலது காலைப் பின்னால் வைத்தார். இடது காலை இழுத்துச் சேர்த்தார். மையத்தில் நாற்காலியில் உட்காருவதற்கு முன் தினமும் பழகிய அதே பின்னோக்கிய நடைதான்; வழி மட்டும் சற்று நீளம். இடையில் ஒரு முறை இடது முழங்கால் மடங்கியது. அண்ணி வீறிட்டார். பயிற்சியாளரின் கைகள் முதுகை விட்டு முன்னே வந்துவிட்டன. ஆனால் அக்காவின் பிடி தளரவில்லை. மூச்சு வாங்கினார், காலைச் சரிசெய்துகொண்டார், மறுபடி பின்னால் வந்தார். முழங்காலின் பின்புறத்தில் இருக்கை தட்டியதும் நிதானமாக உட்கார்ந்தார்.

திரும்பி வருவதில் சிரமமே இல்லை. கைப்பிடி வலப்பக்கமே இருந்ததால் நேராக நடந்து வந்துவிட்டார். உடையையும் தாமே மாற்றிக்கொண்டார். சற்று நேரம் பிடித்தது, அவ்வளவே.

"பார்த்தியா!" அண்ணன் கைதட்டினார். "உக்காந்தா வலது கைக்கு வரணும்னு கணக்குப் போட்டுத்தான் அந்தப் பக்கம் வச்சேன்!"

"அண்ணே, உங்க மூளைய யாருக்கும் கடன் குடுத்துடாதீங்க. உள்ளதே கொஞ்சம்."

அண்ணி மூக்கை உறிஞ்சினார். "நல்லதுக்குக் காலமில்ல. ராத்திரி ஒண்ணுன்னா யாரைக் கூப்பிடுவே?"

"பக்கத்து வீட்டம்மாவ. அவங்க கதவைத் தட்டிட்டுத்தான் உள்ள வருவாங்க."

பயிற்சியாளர் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "இன்னும் ஒண்ணே ஒண்ணும்மா. வந்தவங்கள அனுப்பிட்டு, நீங்களே கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடணும். நான் வெளியில நின்னு கேப்பேன்."

"நாங்க உள்ளயே இருக்கோமே," என்றார் அண்ணி.

"வந்தவங்கன்னு சொல்றது உங்களத்தான் அண்ணி."

இருவரும் வெளியேறினார்கள். பாசத்தை அடக்க முடியாத அண்ணன், வெளியிலிருந்து கதவை இழுத்துச் சாத்தக் கையை நீட்டினார்.

"தொட்டா செல்லாது சார்," என்றார் பயிற்சியாளர்.

அண்ணன் சுட்டுக்கொண்டவர் போலக் கையை மடக்கினார். அக்கா கதவைத் தோளால் தள்ளினார். தாழ்ப்பாள் முரண்டு பிடித்தது. உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஓங்கி ஒரு குத்து விட்டதும் போய் விழுந்தது. வெளியே அண்ணன், அந்தக் கைப்பிடியைத் தாம் திட்டமிட்ட விதத்தைப் பயிற்சியாளருக்கு ஆதியிலிருந்து விளக்கத் தொடங்கியிருந்தார். அக்கா சமையலறைக்குப் போய், ஒரு டம்ளர் தேநீருக்கு மட்டும் தண்ணீர் வைத்தார்.