பெட்டியிலிருந்த நாலு கார்டுகள்

தகரப் பெட்டியின் பூட்டுக்குள் சாவி நுழையவில்லை. நல்லம்மாள் சாவியைத் திருப்பிப் பிடித்து மறுபடி நுழைத்துப் பார்த்தாள். வெளியே பாடைக்கு மூங்கில் பிளந்துகொண்டிருந்தார்கள். செந்தூல் ரயில் பட்டறையில் வேலை பார்த்த அவள் புருஷன் ரெங்கசாமி, ஆறு நாள் காய்ச்சலில் விடியற்காலை போய்விட்டான்.

"ஊருக்குத் தகவல் எழுதணும்மா. உங்க ஆத்தா விலாசம் இருக்கிற தபால் கார்டு ஒண்ணு குடு, போதும்" என்றார் வாசலில் நின்ற பட்டறையில் கணக்கெழுதும் கிராணி தம்புசாமி.

அவளுக்குப் படிக்கத் தெரியாது. பிழைப்புக்காக இந்தச் சீமைக்குக் கப்பல் ஏறியபோது நாலு வயது மகள் சீதாலெட்சுமியை ஆத்தாளிடம் விட்டு வந்தார்கள். எட்டு வருஷமாக ஊர்க் கார்டுகளை ரெங்கசாமிதான் வாசித்துச் சொல்வான். பாப்பாவுக்குப் பல் விழுந்தது, பாவாடை கேட்டு அழுதது, போன மாசம் சமைந்தது எல்லாம் அப்படித் தெரிந்ததுதான்.

நேற்று ஜன்னியில் அவன் திரும்பத் திரும்பப் பிதற்றினான்: "பெட்டியத் தொறக்காத புள்ள. கார்டை யார்கிட்டயும் காட்டாத." வேறு எவளாவது எழுதிய கார்டும் உள்ளே இருக்குமோ?

பூட்டு திறந்தது. வேட்டிக்கு அடியில் நாலே நாலு கார்டுகள். கட்டாக இருக்குமென்று நினைத்திருந்தாள்.

மேலே இருந்ததைப் படித்த தம்புசாமி, திருப்பி முத்திரையைப் பார்த்தார். மறுபடி படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"பொம்பளை பேரு இருக்குதுங்களா?"

"அதெல்லாம் இல்லம்மா."

"பின்ன என்னங்க? பயமா இருக்கு, சொல்லுங்க."

"உங்க பெரியப்பன் மகன் எழுதியிருக்கார். ஆறு வருஷம் ஆச்சு." அவர் குரல் இறங்கியது. "ஊர்ல வாந்திபேதி. ஒரே வாரத்துல ஆத்தாளும் பாப்பாவும்..."

"இல்லீங்க! போன மாசங்கூட வாசிச்சாரே. கையில கார்டு இருந்துச்சு, நான் பாத்தேன்."



மற்ற மூன்றையும் அவர் முன்னால் வைத்தாள். "இதையும் பாருங்க."

பார்த்தார். "இதெல்லாம் அதுக்கும் முந்தினதும்மா. அதுக்கப்புறம் வந்த கார்டு ஒண்ணுகூட இல்ல."

"அப்ப... யாருக்கு எழுதப் போறீங்க?"

அவர் நாலு கார்டுகளையும் அடுக்கி அவளிடமே நீட்டினார். நல்லம்மாளுக்குப் பல் கிட்டித்தது.

"வாய்க்கரிசி போட வாக்கா" என்று பக்கத்து வீட்டுப் புஷ்பவல்லி வந்து கையைப் பிடித்தாள்.

வாசலில் ரெங்கசாமியின் தாடைக் கட்டைத் தளர்த்தியிருந்தார்கள். யாரோ அவள் கையில் அரிசியை வைத்தார்கள். குனிந்தவள், கார்டு வாசித்துச் சொன்ன அவன் வாயையே பார்த்தபடி நின்றாள். கொட்டுச் சத்தம் நின்றது.

"போடு தாயி, நேரமாகுது."

அரிசியோடு மூடிய அவள் விரல்களைப் புஷ்பவல்லிதான் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட வேண்டியிருந்தது.