தம்பி சமைக்க வந்த ஞாயிறு

தம்பி குடியை விட்டு ஐந்து மாதமாகியிருந்தது. அப்போதுதான் பழைய உணவகத்து முதலாளி அவனைத் திரும்பக் கூப்பிட்டார். அங்கே அவன் கைப்பக்குவத்துக்குப் பேர்போனது பிரெஞ்சுக்காரர்களின் மாட்டிறைச்சிக் குழம்பு. தண்ணீருக்குப் பதில் சிவப்பு ஒயினில் மணிக்கணக்காக வேகிற குழம்பு. வேலைக்குப் போனால் தினமும் பாட்டிலைத் தொட வேண்டும்.

"உன் வீட்ல ஒரு தடவ செஞ்சு பார்க்கிறேன்க்கா. நீ பக்கத்துல இருந்தா போதும்."

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்யும் அக்காவுக்கு இது சரியாகப் படவில்லை. ஆனாலும் மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. மறுவாழ்வு மையத்தில் சேர்த்ததிலிருந்து அவன் அவளிடம் எதையுமே கேட்டதில்லை. ஒயினைத் தானே வாங்கிவந்து போர்வைகளுக்கு அடியில் ஒளித்து வைத்தாள்.

ஞாயிறன்று விடிந்ததிலிருந்தே மழை. அவன் வந்ததும் சட்டைக் கையை மடித்துவிட்டு, இறைச்சித் துண்டுகளைத் துணியால் ஒற்றி ஈரம் எடுத்தான். அடிகனமான பாத்திரத்தில் நாலைந்தாகப் போட்டு, கருஞ்சிவப்பாகும்வரை திருப்பித் திருப்பி வறுத்தான்.

"மொத்தமா கொட்டினா என்னடா? பசி உயிர் போகுது."

"கொட்டினா தண்ணி விட்டுரும், செவக்காது. ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டுற, உனக்கு ஒண்ணு மாட்டிக்க."

இருவரும் சிரித்தார்கள். வெங்காயமும் கேரட்டும் வதங்கின. மேலே கொஞ்சம் மாவு தூவிக் கிளறியவன், சட்டென்று கரண்டியை அவள் கையில் திணித்தான்.

"இனி ஒயின். நீ ஊத்து. நான் படிக்கட்டுல நிக்கிறேன்."

வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அவள் பாட்டிலைத் திறந்து முழுவதையும் ஊற்றினாள். சுர்ரென்று ஆவி எழுந்து மணம் வீட்டை நிறைத்தது.

"அடியில ஒட்டினத சொரண்டி விடு!" என்று கதவுக்கு அப்பாலிருந்து கத்தினான்.

"சொரண்டிட்டேன். உள்ள வா."

அவன் வரவில்லை. அவள் கதவைத் திறந்தபோது, படியில் உட்கார்ந்து முழங்கால்களை இறுகக் கட்டிக்கொண்டிருந்தான். முகமெல்லாம் வியர்வை.

பிறகு உள்ளே வந்தவன், குழம்பு வேகும்வரை ஜன்னலைத் திறந்துவைத்து, சாரலில் நனைந்தபடி அங்கேயே நின்றான். கடைசியில் காளானை மட்டும் தானே வதக்கிச் சேர்த்தான். தட்டில் போட்டதும் ஒரே ஒரு வாய் வைத்தான்.

"எப்படிடா இருக்கு?"

"ரொம்ப நல்லா வந்திருக்கு." கரண்டியைக் கீழே வைத்துவிட்டான். "ஒயின் மிச்சம் எங்கன்னு மனசு தேடுதுக்கா."

"மிச்சமே இல்லடா. கொதிச்சதுல போதையெல்லாம் போயிருக்கும்."

"அது போயிருக்கும். எனக்குப் போகல."

அங்கிருந்தே முதலாளிக்குப் போன் செய்தான். அவர் நெடுநேரம் பேசினார். "இல்ல சார், அடுப்புப் பக்கம் இனி வர முடியாது" என்பதை மூன்று விதமாகச் சொல்லிவிட்டு வைத்தான். கண்கள் கலங்கியிருந்தன. அவள் பார்க்காதது போலத் தட்டுகளை எடுத்தாள்.

குடியை விட்டவர்கள் கூடும் கூட்டம் அன்று மாலை இருந்தது. ஒரே குடையில் பேருந்து நிறுத்தம்வரை நடந்தார்கள். மதுக்கடை வந்ததும் அவள் அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். அவனும் விடுவித்துக்கொள்ளவில்லை. வீடு திரும்பியதும் பாத்திரத்திலிருந்த குழம்பு முழுவதையும் கொட்டினாள். அவளாலும் அதைச் சாப்பிட முடியவில்லை.

அடுத்த மாதம் ரொட்டி ஆலையில் பொட்டலம் போடும் வேலைக்குச் சேர்ந்தான். குடிக்கவில்லை. சமைப்பதையும் நிறுத்திவிட்டான். ஷிஃப்ட் முடிந்ததும் போன் செய்வான்.

"சாப்பிட்டியாடா?"

"ரொட்டி இருக்குக்கா."