தேய்த்து எடுக்கும் போன்

கூடத்துச் சுவரில் உருப்படியாக இருந்தது ஒரே ஒரு பிளக் பாயிண்ட். அதில் அம்மாவின் போன் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. விஜயராஜ் அதைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஃப்ரீசர் பெட்டியின் ஒயரைச் செருகினான். பெட்டி ஒருமுறை உறுமிவிட்டு ஓடத் தொடங்கியது. கண்ணாடிக்கு அடியில் அம்மா கலியம்மாள் நெற்றியில் காசோடு படுத்திருந்தாள். விடியற்காலையில் வாசல் தெளிக்க எழுந்தவள், நெஞ்சு அடைக்கிறது என்று படியில் உட்கார்ந்தாள். மகன் ஆட்டோ பிடித்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு விஜயராஜ் உட்காரவே இல்லை. டாக்டரைக் கூட்டிவந்தான், பந்தல்காரனைப் பிடித்தான், மேளத்துக்குச் சொன்னான், மாலைக்கு ஆள் அனுப்பினான். அழுவதற்கு இன்னும் அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை. முந்தின நாள் அவன் வேலை பார்க்கும் போன் கடையில் சரக்கு இறங்கி, வீடு திரும்பியபோதே பாதி ராத்திரி. கண்ணுக்குள் மண்ணைக் கொட்டியதுபோல் உறுத்தியது.

பந்தலின் கீழ் நாற்காலியில் இருந்த தெருப் பெரியவர் கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

"தம்பி, பொறந்த வூட்டுக்குச் சொல்லியாச்சா?"

"போன் பண்ணேங்க. மாமா கட் பண்ணிட்டாரு. மூணு தடவ போட்டேன்."

"போன்லயா?" பெரியவர் நிமிர்ந்தார். "தாய்மாமனுக்கு எழவு சேதிய யாராவது போன்ல சொல்லுவாங்களா? நேர்ல ஆள அனுப்புப்பா. அவரு கோடிச் சேல கொண்டாந்து போத்தினாத்தான் பொணத்தத் தூக்க முடியும். பொழுது சாயறதுக்குள்ள எடுக்கணும் வேற."

தப்புத்தான். பாடைக்கு மூங்கில் சொல்வது, மாமனுக்குச் சாவு சொல்வது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒரே போனில் முடித்துவிடப் பார்த்திருக்கிறான். பக்கத்து வீட்டு நல்லசாமி சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை செய்பவன். நைட் ஷிப்ட் முடித்து அப்போதுதான் வந்திருந்தான். அவன் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் பைக்கைத் திருப்பிக்கொண்டு மாமா ஊரான முத்தாண்டிக்குப்பம் போனான். போனவன் வெயில் ஏறியபிறகு தனியாகத்தான் வந்தான்.

"சொன்னேண்ணா. கேட்டுகினு ஒக்காந்திருந்தாரு. அழல. வர்றேன்னும் சொல்லல, வரலன்னும் சொல்லல."

"வேற ஒண்ணுமே பேசலயா?"

நல்லசாமி தயங்கினான். "அவளுக்குத்தான் எங்க வூடு வேணாம்னு ஆயிப்போச்சே, எங்க கோடி மட்டும் எதுக்குன்னு கேட்டாரு."

விஜயராஜுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கூடப் பிறந்தவள் பெட்டிக்குள் கிடக்கிறாள், இந்த நேரத்திலும் என்ன வீம்பு? மாமி குடல் ஆபரேஷனுக்காகப் பாண்டிச்சேரியில் படுத்திருந்த சேதியைக்கூட அந்த மனிதர் சொல்லவில்லை. மாமி வீடு திரும்பி வெகுநாள் கழித்து, ஊர்க்காரர் ஒருவர் கடைக்கு வந்தபோதுதான் இவனுக்கே தெரிந்தது. நியாயமாகப் பார்த்தால் முறைத்துக்கொள்ள வேண்டியது இவர்கள்தான்.

வீட்டின் பின்பக்கம் போனான். மனைவி சங்கீதா துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்திருந்தாள். அழுது அழுது அவள் முகம் வீங்கியிருந்தது.

"பாரு, உங்க அத்தையோட அண்ணன் பண்ற கூத்த. அம்மாவுக்கு அவங்க வூடு வேணாமாம். இவருதான் மாமி ஆபரேஷனுக்கே ஒரு வார்த்த சொல்லல."

சங்கீதா நிமிர்ந்து பார்க்கவில்லை. முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அவரு சொல்றதுக்குத்தாங்க போன் பண்ணிருக்காரு. ஆஸ்பத்திரிலேர்ந்து தெனமும். சாயங்காலத்துல."

"யாருக்கு?"

"அத்தைக்குத்தான். அத்தையால எடுக்க முடியல."

அவன் நின்ற இடத்திலேயே நின்றான்.

"அந்தப் பச்சைய மேல தேய்க்கணுமில்ல, அது அத்தை வெரலுக்கு வரவே வராதுங்க. தேய்ச்சிகினே இருப்பாங்க, அது அடிச்சி அடிச்சி நின்னுரும். எச்சி தொட்டுத் தேய்ப்பாங்க, பொடவைல தொடச்சிட்டுத் தேய்ப்பாங்க. நான் ஜவுளிக் கடைலேர்ந்து வர்றதுக்குள்ள ராத்திரி ஆயிடும். ஒரு நாளு லீவுல இருந்தப்பதான் கண்ணால பாத்தேன். ஒடனே நானே அவருக்குப் போட்டுக் குடுத்தேன். அதுக்குள்ள அவரு ரோசப்பட்டுட்டாரு. எடுக்கல."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னு கைல அடிச்சி சத்தியம் வாங்கிகினாங்க. புள்ள ஆச ஆசயா வாங்கியாந்து குடுத்தது, எனக்கு ஒதவலன்னு தெரிஞ்சா மனசு ஒடஞ்சிருவான்னாங்க. அண்ணன் கோவந்தான, தை பொறந்தா நேர்ல போயி கால்ல வுழுந்துட்டு வந்துர்றேன்னு சொன்னாங்க."

விஜயராஜ் சட்டைப் பையைத் தொட்டான்.

ஆடித் தள்ளுபடியில் கடையில் வந்திறங்கிய மாடல் அது. மயில் கழுத்து நிறம். முதுகும் கண்ணாடி, முகமும் கண்ணாடி, பொத்தான் என்று ஒன்று தேடினாலும் கிடைக்காது. மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் அவனளவுக்கு போன் விற்கிற ஆள் இல்லை. 'கையில வச்சா வெயிட்டே தெரியாதுங்க' என்பான், 'பக்கத்துல இருக்கறவங்க ஒருவாட்டி திரும்பிப் பாப்பாங்க' என்பான். வருகிறவர்களும் போனை வாங்கியதும் திருப்பி முதுகைத்தான் பார்ப்பார்கள். பேசினால் காது கேட்கிறதா என்று பார்த்து வாங்கியவர் ஒருவரும் கிடையாது. அப்படிப்பட்ட கடையில் வேலை பார்ப்பவனின் அம்மா, ரப்பர் பேண்டு சுற்றிய பட்டன் போனோடு கோயில் வாசலில் நின்று கத்திப் பேசியது அவனுக்குக் கூச்சமாக இருந்தது. அந்தப் போனில் ஒரே ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தால் அண்ணன் வீட்டுக்குப் போகும். அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும், அதற்குமேல் அவளுக்குத் தேவையும் இருக்கவில்லை. விஜயராஜ் சிம்மை உருவிக்கொண்டு அதைப் பழைய சாமான் டப்பாவில் போட்டுவிட்டான்.

அம்மா புதுப் போனை இரண்டு கையாலும் வாங்கித் தெரு முழுக்கக் காட்டினாள். எம்மவன் வாங்கிக் குடுத்தது, எம்மவன் வாங்கிக் குடுத்தது என்று வாய் ஓயவில்லை. அவன் கல்யாணம் வரைக்கும் முந்திரிக் கொட்டை உடைத்த கை அது. ஓட்டில் கசியும் எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் கருத்து, தோல் உரிந்து உரிந்து காய்த்துப் போயிருந்தது. ரேஷன் கடையிலும் அவள் ரேகை விழாது, கண்ணைக் காட்டித்தான் அரிசி வாங்குவாள். இதெல்லாம் அவனுக்குத் தெரியாதது இல்லை. தெரிந்துதான் அந்தக் கையில் கண்ணாடியைக் கொடுத்தான். மாமாவுக்குப் போட்டுக் கொடு என்று அவள் இரண்டொரு தடவை கேட்டதும் நினைவிருக்கிறது. 'நாளைக்கிப் போட்டுத் தரேம்மா' என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டான். கடையில் பத்து மணி நேரம் நின்ற கால் கடுப்பில் அந்த 'நாளைக்கி' அப்படியே மறந்து போனது.

வாசலில் சலசலப்புக் கேட்டது. நல்லசாமி ஓடிவந்தான்.

"அண்ணா, ஒங்க மாமா வந்துட்டாரு. ஆனா வூட்டுக்கு வரல. எதுத்தாப்புல டீக்கடைகிட்ட நின்னுகினு இருக்காரு."

தெருவைத் தாண்டி, டீக்கடைத் தடுக்கின் நிழலில் குஞ்சிதபாதம் நின்றிருந்தார். அக்குளில் ஒரு மஞ்சள் பையை இடுக்கியிருந்தார். பந்தலில் இருந்தவர்கள் எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டியவன் விஜயராஜ்தான். அவன் செருப்பைத் தேடாமல் வெறுங்காலோடு தெருவைக் கடந்தான்.

"வாங்க மாமா."

"கடமைக்கு எடுத்தாந்தேன்." அவர் பையைத் தொட்டுக் காட்டினார், கொடுக்கவில்லை. "ஊரு பேசுமேன்னு. உள்ள வந்து அந்த மொகத்தப் பாக்கற தெம்பு எனக்கில்ல. ஒங்க மாமி பொழைக்கறாளோ சாவறாளோன்னு கெடந்தா. ஆஸ்பத்திரி வராண்டாவுல குந்திகினு தெனமும் போனு அடிச்சேன். கூடப் பொறந்தவ ஒரு வார்த்த சொன்னா தைரியமா இருக்குமேன்னு. எடுக்கல. ஒரு நாளாவது எடுத்தாளா?"

"அம்மாவால எடுக்க முடியல மாமா. நான் வாங்கிக் குடுத்த போன். அம்மா வெரலு அதுல படல."

"டேய்." அவர் குரல் உடைந்தது. "போனு எடுக்கத் தெரியாதவளா அவ? இத்தன வருசமா ஒரு மணி அடிக்கறதுக்குள்ள எடுத்தவ. செத்தவளுக்குப் பரிஞ்சி பொய் சொல்றியா?"

வாயால் சொன்னால் நம்ப மாட்டார். அம்மாவின் போனை எடுத்து அவர் கையில் வைத்தான். தன்னுடைய போனிலிருந்து அதற்குப் போட்டான்.

மயில் கழுத்து நிறத்தில் மினுங்கியபடி அது அடித்தது.

"எடுங்க மாமா."

குஞ்சிதபாதம் அவனை முறைத்துவிட்டு, வலது கட்டைவிரலை வைத்துப் பச்சையை மேலே தள்ளினார். அவரும் கொட்டை உடைக்கிறவர்தான். இப்போதும் உடைக்கிறார், வைத்திருப்பதும் பட்டன் போன்தான். பச்சை நகரவில்லை. ஆள்காட்டி விரலால் தேய்த்தார். அழுத்தித் தேய்த்தார். கண்ணாடி அவர் விரலை ஒரு விரலாகவே மதிக்கவில்லை. அது அடித்து அடித்து ஓய்ந்தது.

அவர் கறுத்துப்போன போனைப் புரட்டிப் பார்த்தார்.

"இன்னொருவாட்டி போடு."

போட்டான். அவர் விரலைத் துண்டில் துடைத்தார். நாக்கில் தொட்டுக்கொண்டு தேய்த்தார். விஜயராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டான். காலையிலிருந்து வராத கண்ணீரைப் புறங்கையால் துடைத்தான். அந்த மணியும் ஓய்ந்தது.

"இன்னொருவாட்டி."

மூன்றாம் தடவை அடிக்கத் தொடங்கியதும் அவர் தடுமாறினார். ஒரு கை போதவில்லை. அக்குளில் இருந்த மஞ்சள் பையை உருவி விஜயராஜிடம் நீட்டினார்.

"இந்தா, இதப் புடி."

அவன் வாங்கிக்கொண்டான். பைக்குள் புதுச் சேலையின் கஞ்சி மணம் அடித்தது. அவர் இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டு, மாற்றி மாற்றி இரண்டு கட்டைவிரலாலும் தேய்த்தார். "எடு பாப்பா" என்று தங்கையிடம் சொல்வதுபோல் வாய்க்குள் முணுமுணுத்தார். பந்தலில் யாரோ எழுந்து நின்றார்கள். எல்லாம் தயாராகிவிட்டதென்று நினைத்தோ என்னவோ, மேளக்காரர் ஒருவர் மேளத்தைத் தோளில் மாட்டினார்.

போன் ஓயவில்லை. அவர் அதை விஜயராஜின் கையில் திருப்பித் திணித்துவிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தெருவைக் கடந்தார். வாசலில் ஒரு நொடி நின்று, பிறகு தலையைக் குனிந்து உள்ளே போனார். ஒரு கையில் கோடியும் இன்னொரு கையில் போனுமாக விஜயராஜ் பின்னால் நடந்தான். பெண்கள் எழுந்து வழி விட்டார்கள். போன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.