வடிகால் தண்ணீர்

அப்பா போன பிறகு நிலத்தைப் பிரித்தபோது, உப்புப் பூத்துக் கிடந்த மேல்வயலை அண்ணன் என் தலையில் கட்டினான். விளையும் கீழ்வயலை அவன் எடுத்துக்கொண்டான். அது போதாதென்று பத்திரத்தில் ஒரு வரி வேறு சேர்க்கச் சொன்னான்: என் வயலிலிருந்து வடியும் தண்ணீர் ஒரு சொட்டுக்கூட வேறு பக்கம் போகக் கூடாது, முழுக்க அவனுக்கே.

"உப்பளத்துல பீன்ஸ் போடப் போறாளாம்!" என்று பத்திரம் எழுதுகிறவர் முன்னாலேயே சிரித்தான். வந்த ஆத்திரத்தை மென்று விழுங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு வருஷம் ஜிப்சம் கொட்டி உழுதேன். மட்கிய எருவும் போட்டேன். அப்புறம் வயல் நிறையத் தண்ணீர் கட்டி, மண்ணை விட்டுக் கழன்று வந்த உப்பையெல்லாம் அந்தத் தண்ணீரோடு வடிகாலில் திறந்துவிட்டேன். பத்திரப்படி ஒரு சொட்டுக்கூட வேறு பக்கம் விடவில்லை.

இந்த வருஷம் பீன்ஸ் கொடி என் தலைக்கு மேலே ஏறிவிட்டது. நான் காய் பறித்துக்கொண்டிருந்தபோது, இலை கருகிய செடி ஒன்றைக் கையில் பிடித்தபடி அண்ணன் வந்து நின்றான்.

"என் வயல் பூரா வெள்ளையாப் பூத்துருச்சும்மா. அந்த வடிகாலைக் கொஞ்சம் வேற பக்கம் திருப்பிவிடேன்."

"அதெப்படிண்ணே முடியும்? நீயே எழுதி வாங்கினதாச்சே!"

"சரி, எவ்வளவு ஜிப்சம் போட்டேன்னாவது சொல்லு."

"சொல்றேன். ஆனா அது மட்டும் போதாதுண்ணே. உப்புத் தண்ணி வடியறதுக்குக் கீழ ஒரு இளிச்சவாயன் வயலும் வேணும்."