சாந்தில் வந்த முகம்

இனங்களின் உறவை ஆராய்வதற்காகப் பல்கலைக்கழகத்தார் பாளையத்தில் திறந்த நிலையத்தில், யார் முகத்தில் சாந்து அப்பி அச்செடுத்தாலும் அவரவர் தாயாரின் முகமே வந்தது. 1941-ஆம் வருஷம் அது. முதலில் படுத்தவர் முறுக்கு மீசை வைத்த மாட்டுத் தரகர். காய்ந்த சாந்தை உரித்து வார்த்துப் பார்த்தால் மீசையைக் காணோம், காதில் பாம்படம் இருந்தது. மட்டச் சரக்கு என்று பம்பாய்க்கு எழுதி வேறு சாந்து தருவித்தார்கள். அதிலும் அம்மாக்களே வந்தார்கள். யுத்தகாலத்து அரிசி விலையே பெரிய பேச்சாக இருந்ததால் ஊரில் யாரும் இதைப் பொருட்படுத்தவில்லை. நிலையத்தாரும் வந்த முகங்களை நாயர், நாடார், பிராமணர் என்று சாதிவாரியாக அலமாரிகளில் அடுக்கிக்கொண்டே போனார்கள்.

அச்செடுக்கும் உத்தியோகம் கிழக்கேகோட்டை அக்ரஹாரத்துச் சேஷனுடையது. அவனைப் பெற்ற சீதாலக்ஷ்மி பிரசவமான நாலாம் நாளே போய்ச்சேர்ந்தவள். ஒரு போட்டோகூடக் கிடையாது. அவள் முகத்தை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்ற ஏக்கம் முப்பத்தைந்து வயதிலும் அவனுக்குத் தீரவில்லை. ஆனாலும் துணிச்சல் வர ஒரு வருஷம் ஆயிற்று. ஒரு மத்தியானம், முகத்தில் எண்ணெய் தடவிக்கொண்டு தானே பலகையில் படுத்தான்.

வந்த முகம் அவனுக்குத் தெரிந்த முகம். நாடார் அலமாரியில், சாலைக் கடைத்தெருக் கருப்பட்டி வியாபாரி நேசமணியின் அச்சில் வந்திருந்த அதே பெண். புருவத்துத் தழும்புகூட அதேதான். திரும்ப எடுத்தான். மறுபடியும் அவளே. பெற்றவளை இனிப் பார்க்கவே முடியாது என்று புரிந்ததும் சேஷன் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதான்.

அப்பா ராமசுப்ரமணியன் ஒளிக்கவில்லை. "வேற என்னடா பண்றது? பசும்பாலைக் கக்கிண்டே இருந்தே. நேசமணியோட அம்மா தாசம்மாள் கொல்லைப்பக்கமா வந்து பால் குடுத்துட்டுப் போவாள். ஒவ்வொரு தடவையும் உன்னைக் குளிப்பாட்டித்தான் உள்ளே எடுத்துப்போம். அந்த வருஷம் பூரா உனக்கு ஜலதோஷம்."

சேஷன் அச்சைத் துணியில் சுற்றிக்கொண்டு, அவள் இப்போது குடியிருந்த பாறசாலைக்கு பஸ் ஏறினான். தாசம்மாள் முற்றத்தில் மரச்சீனிக் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். தன் இளவயது முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருந்திருக்கேன். கொஞ்சம் வெளுத்துப்போச்சு," என்றாள். பிறகு அவனைப் பார்த்தாள். "மொதப் பல்லு மொளைச்சப்போ நீ கடிச்சது என்னத்தான். உயிரே போச்சு. பெறவு ஒருநாள், இனி வரண்டாம்னு சொல்லிட்டாவ. ஒங்க கொல்லையில நின்னு ரொம்ப நேரம் அழுதேன்."

அச்சை உள்ளே கொண்டுபோய்ச் சுவரில் மாட்டிவிட்டு வந்து மறுபடியும் கிழங்கை எடுத்தாள். சேஷன் பிறந்ததிலிருந்து யாரையும் அம்மா என்று கூப்பிட்டதில்லை, கூப்பிட ஆள் இருந்ததில்லை. ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்தான்.

அவள் கிழங்கிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அந்த ஊர்ப் பக்கம் பெற்ற பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி, "என்ன மக்களே?" என்றாள்.